சாமியின் மார்ட்டினி

மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் பாதையை ஒட்டிய முனியாண்டி கோயிலில் நிற்கிறேன். ஊரில் நான் சரிசெய்துகொண்டிருக்கும் பழைய பட்டாளத்து மார்ட்டினிக்கு ஒரு லீவர் வேண்டும். ஒரு தோட்டா போட்டு ஒரு தடவை சுடுகிற துப்பாக்கி அது. பக்கத்துப் பேட்டை லத்தாவில் இரும்புக்கடை வைத்திருக்கும் கோ சேகர் (பர்மியர் பேச்சில் ‘கோ’ என்றால் அண்ணன்), "எங்ககிட்ட முழுசாவே இருக்கு, வந்து பாருங்க" என்று கூட்டி வந்திருக்கிறார். உண்மைதான். சாமியின் அரிவாளுக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது.

தோட்டா போடும் அறையைத் திறக்கிற லீவரை இழுக்கிறேன். அசையவில்லை. இடுக்கெல்லாம் சந்தனம் கல்லாக இறுகியிருக்கிறது. பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுக்கிறேன்.

கோ சேகர் என் கையைப் பிடிக்கிறார். "வேணாம் அண்ணே. ஆயுதபூசைக்கு ஆயுதபூசைக்கு நாங்கதான் சந்தனம் வச்சு அடைக்கிறோம்."

"சாமி ஆயுதம் வேலை செய்ய வேண்டாமா?"

"துப்பாக்கி இருக்கான்னு சோதனைக்கு வந்த போலீஸ்காரங்களும் இப்படித்தான் இழுத்துப் பாத்தாங்க. திறக்கல. வெறும் இரும்புன்னு விட்டுட்டுப் போனாங்க."

குனிந்து பார்க்கிறேன். நான் இழுத்த இடத்தில் சந்தனம் விரிசல் விட்டிருக்கிறது. அவரும் பார்த்துவிட்டார். சந்தனக் கிண்ணத்தை நீட்டுகிறார்.

இருபது வருஷமாகத் துப்பாக்கிகளைத் திறந்தே பழகிய விரலால் இதை அடைக்கிறேன். சரிசெய்கிறேனா, கெடுக்கிறேனா, தெரியவில்லை.