கிளீனர் எண்ணிய எழுபது வளைவு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மூன்றாவது படித்த வருஷம், லாரி டிரைவரான என் தாய்மாமா தன் முதலாளியின் வேனை இரவல் வாங்கி வந்தார். கொல்லிமலையில், காட்டுக்குள் இருக்கும் பங்களாவில் இரண்டு நாள் தங்கப் போகிறோம் என்றார். சும்மா சுற்றிப் பார்க்க என்று எங்கள் வீட்டில் யாரும் அதுவரை எங்கும் போனதில்லை.

சிக்கல் நான்தான். ஜேடர்பாளையம் போன பஸ்ஸில், பக்கத்தில் இருந்தவரின் வெள்ளை வேட்டி மேல் வாந்தி எடுத்தவன்.

“இவனப் பக்கத்து ஊட்டுல உட்டுட்டுப் போலாம்” என்று அப்பா முடிவே செய்துவிட்டார். “எந்த வேட்டிய நனைக்கறதா உத்தேசம் சாமி?” என்று அக்கா சிரித்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

மாமாதான் காப்பாற்றினார். “கிளீனர் இல்லாம மலை ஏற முடியாதுங்க மச்சான். இவன்தான் என்ற கிளீனரு. வாந்தி எடுத்தான்னா அடுத்த பஸ்ஸுலயே திருப்பி அனுப்பிப் போடறேனுங்க.”

மலையடிவாரத்தில் வேனை நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அம்மா தூக்குப்போசியைத் திறந்தாள். எங்களுடையது கோழிப்பண்ணை, பயணம் என்றால் அவித்த முட்டைதான். அப்பா, அம்மா, அக்கா மூவரும் ஆளுக்கு மூன்று சாப்பிட்டார்கள். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

மாமா என்னை முன்சீட்டில் உட்கார வைத்து, கையில் சாக்கட்டி கொடுத்தார். “எழுபது வளைவு. ஒவ்வொண்ணையும் சத்தமா எண்ணோணும் சாமி. நீ சொன்னாத்தான் ஸ்டீயரிங்க ஒடிப்பேன்.”

“ஒண்ணு!” என்று கத்தி, எதிரே இருந்த தகரத்தில் கோடு போட்டேன்.

பன்னிரண்டில் அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். இருபத்தாறில் அம்மா. நாற்பதில் அப்பா, “வண்டிய நிறுத்து மாப்ள!” என்று அலறினார். பிறகு மஞ்சு மூடியது. ரோடே தெரியவில்லை. நான் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

“எங்கடா சத்தம்? எண்ணுடா!” என்று மாமா அதட்டினார். அந்தக் குளிரிலும் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இன்ஜின் சூடு என்று நினைத்தேன்.

“எழுபது!”

அண்ணாந்தால் நுனி தெரியாத மரங்கள், இலைக்கு இலை சொட்டும் தண்ணீர், காடு முழுக்கப் பூச்சிகளின் இரைச்சல், நடுவில் ஓட்டுப் பங்களா. வாட்ச்மேன் குடையோடு ஓடி வந்து, “சாப்பாடு எத்தன பேருக்குங்க?” என்றார். அப்பா படியிலேயே படுத்துவிட்டார். அம்மா வேண்டாம் என்று கையை ஆட்டினாள். மாமா ஸ்டீயரிங்கை விட்டு இன்னும் இறங்கவில்லை.

“ஒராளுக்கு. கிளீனருக்கு” என்றார்.

சோறு வரும்வரை பொறுக்காமல், வராந்தாவில் காலை ஆட்டிக்கொண்டு மிச்சமிருந்த நாலு முட்டையையும் தின்றேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். “கெட்டிக்காரன்டா நீ” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. அப்படி அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

பின்னால் நானும் டிரைவரானேன். முதன்முதலாகத் தனியாக அந்த மலை ஏறியபோது சட்டை தொப்பலாக நனைந்தது. என்னையறியாமல் வாய்விட்டு எண்ணினேன். இறங்கி வந்து மாமாவிடம் சொன்னபோது சிரித்தார்.

“அன்னிக்கு எனக்கும் அதான் மொத மலை சாமி. உங்கொப்பன்கிட்டச் சொல்லிப் போடாத.”

வாந்தி வராமலிருக்கத்தான் என்னை எண்ணச் சொன்னார் என்று அன்று நம்பியிருந்தேன். வேனை மேலே கொண்டுபோனதில் பாதி நான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஐப்பசி ஏழு, வெள்ளிக்கிழமை.