ஓடிலாவின் இடது கை

ஓடிலா படகில் பிறந்தவள். அப்பா ஹெக்டர், அம்மா லூயிசா, இரண்டு பேருமே சரக்குப்படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஜெஃப் மூத்தவன். அவனுக்கு அடுத்து ஃபீன், லோடே, ஸ்டாஃப், ரோஸ், அல்மா, கடைசியாக ஓடிலா. இந்த வரிசையில்தான் அம்மா அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுவாள். யாராவது தண்ணீருக்குள் விழுந்திருந்தால் எந்தப் பெயருக்குப் பதில் வரவில்லை என்று உடனே தெரிந்துவிடும். படகு வீடுகளில் இப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஓடிலா பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் ரெமியைக் கட்டிக்கொண்டு அவனுடைய படகுக்குப் போனாள். ரெமியின் அம்மா பெயரே படகுக்கும்: ஆல்பர்டீன். மக்காச்சோளமோ மணலோ ஏற்றிக்கொண்டு ஹாலந்துப் பக்கம் போவார்கள், வருவார்கள். ரெமி என்ஜினைப் பார்ப்பான். சுக்கான் ஓடிலாவிடம். அவளுடைய குரல் அப்போது ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கேட்கும்.

அந்தக் குரலைத்தான் தொண்டைக் கட்டி கொண்டுபோனது. ஆன்ட்வெர்ப்பில் அறுத்து எடுத்து, மூச்சுவிடத் தொண்டையில் ஓர் ஓட்டை வைத்தார்கள். ரத்தம் கட்டக்கூடாது என்று அறுவைக்குப் பிறகு அதை நீர்க்க வைக்கும் மருந்து கொடுத்தார்கள். புண் திறந்துகொண்டது. படுக்கை நனைந்து தரையெல்லாம் சிவப்பானதைப் பார்த்து ரெமி நடையிலேயே மயங்கி விழுந்தான். எப்படியோ பிழைத்தாள். டாக்டர் வந்து, "இந்த ஜாதி மருந்து இனிமே உங்க பக்கமே வரக்கூடாது. எங்க போனாலும் முதல்ல இதைச் சொல்லுங்க" என்றார். சொல்வதற்கு அவளிடம் அப்போது குரல் இல்லை.

பேசும் பெட்டி ஒன்று வாங்கினார்கள். விசைப்பலகையில் தட்டினால் ஒரு பெண்குரல் அதைப் படிக்கும். சுக்கான் பிடிக்கிறவள் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? வலது கை சுக்கானில், கண் ஆற்றில், இடது கை பலகையில். ஒரு துண்டைப் பலகைமேல் போர்த்தி, அதற்கடியில் கையை விட்டுப் பழகினாள். பலகையில் இரண்டு விசைகளின்மேல் சின்ன மேடு இருக்கும். அதுதான் அவளுக்குக் கரையில் படகைக் கட்டும் கட்டுத்தூண். அதைத் தொட்டுவிட்டால் மற்ற எழுத்துகள் எந்தெந்தத் துறையில் நிற்கின்றன என்று விரலுக்குத் தெரியும். அவளுக்கே தெரியாது. 'ஏ' (A) என்ற எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் யோசிப்பாள். தட்டச் சொன்னால் விரல் போய் நிற்கும்.

"உன் பழைய குரல்ல திட்டினா ஒறைக்கும். இவ திட்டினா வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று ரெமி சொல்வான்.

"மழை வரும். குடை எடுத்துக்கோ. கட்டை வரும். தலையைக் குனி" என்று அந்தப் பெண்குரல் ஓடிலாவுக்காகச் சொல்லும்.

ஹாலந்தில், வால் என்ற ஆற்றின் கரையில் ஒரு ஊரில் மக்காச்சோளம் இறக்கிக்கொண்டிருந்த காலையில்தான் அது நடந்தது. சரக்கறை மூடி பனியில் நனைந்திருந்தது. ஓடிலாவின் கால் வழுக்கியது. விழுந்தது சரக்கறையின் அடித்தளத்தில், கையிலிருந்த பேசும் பெட்டியின் மேலேயே. பெட்டி நொறுங்கிற்று, வலது மணிக்கட்டு ஒடிந்தது, கழுத்தில் சுரீர் என்று வலித்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் கழுத்துக்குப் பட்டை போட்டு, ஆளைத் தூக்கும் பலகையில் படுக்கவைத்துக் கட்டினார்கள்.

"அவளுக்குப் பேச்சு வராது, தட்டித்தான் பேசுவா" என்று ரெமி கத்தினான். "நான் காரை எறக்கிட்டு வந்துடறேன்." படகின்மேல் நிற்கும் காரைக் கரைக்கு இறக்கப் படகின் பாரம்தூக்கி வேண்டும். அதில் பாதி இறக்கிய மக்காச்சோளச் சுமை தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிலாவின் பையும் அதிலிருந்த மருத்துவ அட்டைகளும் சுக்கான் அறையில் கிடந்தன. ஆம்புலன்ஸ் காத்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கூரையைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கூரையில் ஒரு முகம் வந்தது. தீனெகே என்ற நர்ஸ், கன்னமெல்லாம் சிவந்த ஹாலந்துக்காரி.

"பெல்ஜியத்துலேர்ந்து வந்தீங்களாமே? அதான் சரக்கறைக்குள்ள இறங்க ஏணி இருக்கறது தெரியல" என்றாள். ஹாலந்துக்காரர்களும் பெல்ஜியக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேலி செய்வதுதான், ஓடிலா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "பேச்சு வராதுன்னு சொன்னாங்க. எங்ககிட்டயும் பேசற பெட்டி ஒண்ணு இருக்கு. இந்தாங்க."

பலகையை அவள் வயிற்றின்மேல் வைத்தாள். ஓடிலாவின் இடது கை மேட்டைத் தேடிற்று. கிடைத்தது. அப்பாடா என்றிருந்தது.

"உங்க பேரு என்னம்மா?"

ஓடிலா தட்டினாள். பெட்டி ஏதோ சொன்னது. அவள் பெயரின் முன்பாதி வந்தது, வாலை யாரோ கடித்த மாதிரி முடிந்தது.

மறுபடி தட்டினாள். மறுபடி அதே கடி.

ரெமி எங்கே என்று தட்டினாள். பெட்டி இருமுவது போல ஒரு சத்தம் போட்டது. அதில் ஒரு சொல்லும் சொல்லாக இல்லை. தீனெகேயின் சிரிப்பு கூரையிலிருந்து மெல்ல இறங்கிப் போனது.

டாக்டர் வந்தார். பூன்ஸ்ட்ரா என்று பெயர், கனிவான ஆள். "என் கையை அழுத்துங்க" என்றார். அழுத்தினாள். "காலை ஆட்டுங்க." ஆட்டினாள். "இப்போ என்ன நடந்துச்சுன்னு தட்டுங்க."

வழுக்கிவிட்டது என்று தட்டினாள். பெட்டி மறுபடி குழறிற்று. எழுதிக் காட்டலாமே என்று யாரோ பேனாவை இடது கையில் கொடுத்தார்கள். வலக்கைக்காரி அவள், கோழி கிளறிய மாதிரி ஒரு கோடு விழுந்தது. டாக்டர் அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நாம சொல்றது புரியுது. அவங்களுக்குத்தான் சொல் வரல" என்று தீனெகேயிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "விழுந்ததால இப்படி ஆகல. மூளையில ரத்தம் அடைச்சு, அதனாலதான் விழுந்திருக்காங்க. தலையை ஸ்கேன் எடுத்த படத்துல ரத்தக்கசிவு இல்ல. அடைப்பைக் கரைக்கற ஊசி இப்பவே போட்டாத்தான் உண்டு. புருஷன் வந்துட்டாரா?"

"காரை எறக்கறாராம்."

"காத்திருக்க நேரமில்ல. மருந்தைக் கலக்கச் சொல்றேன்."

ஓடிலா வாயைத் திறந்தாள். தொண்டை ஓட்டையில் காற்று சீறிற்று, அவ்வளவுதான். கழுத்துப்பட்டை தலையை ஆட்ட விடவில்லை. தீனெகேயின் கையைப் பிடித்து அழுத்து அழுத்து என்று அழுத்தினாள். நர்ஸ் பதிலுக்குத் தடவிக் கொடுத்தாள். "பயப்படாதீங்கம்மா. நல்ல டாக்டர்தான்."

சிவந்த தரை ஞாபகம் வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னாலேயே வந்தது. ஒருவேளை டாக்டர் சொல்வதுதான் நிஜமோ? என் தலைக்குள்தான் ஏதோ அறுந்துவிட்டதோ? நான் ஒன்று நினைக்க, கை வேறொன்று தட்டுகிறதோ? அறுந்தவளுக்கு அறுந்தது எப்படித் தெரியும்? கை பலகைமேல் கிடந்தது, விரலின் பாரத்தில் பெட்டி தானாக ஓர் எழுத்தை முனகிற்று.

தண்ணீரில் யார் விழுந்தார்கள் என்று தெரியாதபோது அம்மா என்ன செய்வாளோ, அதை ஓடிலா செய்தாள். வரிசையாகக் கூப்பிட்டாள்.

ஜெஃப் என்று தட்டினாள். "ஜெஃப்" என்றது பெட்டி, தெளிவாக.

அடுத்த பெயரைத் தட்டினாள். ஃபீன். "ஃபீன்." லோடே. "லோடே."

ஸ்டாஃப் என்று தட்டினாள். பெட்டி குழறிற்று.

"என்னம்மா சொல்றீங்க? யாரு ஃபீன்?" என்றாள் தீனெகே. கதவுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டி உருண்டு வரும் சத்தம் கேட்டது.

ரோஸ். "ரோஸ்." அல்மா. குழறல், முதலும் கடைசியும் கடிபட்டு.

ஸ்டாஃப், அல்மா, ஓடிலா. எழுத்துக்கூட்டினால் மூன்று பேரிடமும் அந்த 'ஏ' (A) இருந்தது. மற்றவர்கள் ஒருவரிடமும் இல்லை. மூளை அறுந்தால் இப்படி ஆள் பார்த்தா அறும்? ஸ்டாஃபை மறந்து ரோஸை வைத்துக்கொள்ளுமா? தலைக்குள் எல்லாரும் அவரவர் இடத்தில்தான் இருந்தார்கள். துறைதான் மாறியிருந்தது. இது ஹாலந்துக்காரர்களின் பலகை. கட்டுத்தூண் அதே தூண்தான். ஆனால் அவள் ஊரில் 'ஏ' நிற்கிற இடத்தில் இங்கே வேறு எழுத்தைக் கட்டியிருந்தார்கள்.

தள்ளுவண்டி உள்ளே வந்தது. டாக்டர் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது கண்ணோரத்தில் தெரிந்தது.

எங்கே கட்டியிருப்பார்கள்? கீழ் வரிசையில் ஒன்றைத் தட்டினாள். இல்லை. நடு வரிசையில், ஓரத்தில், சுண்டுவிரலை வலிக்க வலிக்க நீட்டி ஒன்றைத் தட்டினாள். "ஏ" என்றது பெட்டி.

விரல் பழைய இடத்துக்கே ஓடியது. ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. டாக்டர் அவள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அல்மா" என்பதில் பாதி வந்தது. அதை விட்டாள். வேறு சொல் தட்டினாள், மெல்ல, ஒவ்வொரு துறையாக.

"நான் ஓடிலா" என்றது பெட்டி. "ஊசி வேண்டாம். ரத்தம் நிக்காது."

டாக்டரின் கை அப்படியே நின்றது.

"பலகை உங்க ஊருது" என்றது பெட்டி, ஒரு சொல்லைக் கடித்துக்கொண்டே. "நான் பெல்ஜியம்."

தீனெகே பலகையைப் பார்த்தாள், ஓடிலாவின் விரல்களைப் பார்த்தாள். அந்தச் சிவந்த கன்னங்கள் வெளுத்துப் போயின. "அய்யோ, எங்க சின்னம்மா வீடு பெல்ஜியத்துலதான். அவங்க கம்ப்யூட்டர்ல நான் தட்டினா எனக்கே இப்படித்தான் கோணும். எனக்குத் தோணவே இல்லையே."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். தட்டு மெல்லக் கிணுங்கிற்று. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஓடிலாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க, எப்போ ரத்தம் கொட்டுச்சுன்னு நிதானமா சொல்லுங்க. நான் எங்கயும் போகல" என்றார்.

பெட்டியைப் பெல்ஜியத்துக்கு மாற்றுவது லேசாக முடியவில்லை. தீனெகே திரையின் மூலையில் எதையோ அமுக்கினாள், அது அனுமதி இல்லை என்றது. கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போட்டாள்.

"ஆமாங்க, பெல்ஜியம். இல்ல, ஃப்ரான்ஸ் வேண்டாம். இல்லங்க, கீபோர்டை மாத்த வேண்டாம், மேல எழுதியிருக்கறதை அவங்க பாக்கவே மாட்டாங்க. உள்ளுக்குள்ள மட்டும் மாத்துங்க. சாப்பாட்டுக்கு அப்புறமா? இங்க வந்து என் முகத்தைப் பாத்துட்டுச் சொல்லுங்க அதை."

அங்கிருந்தபடியே மாற்றினார்கள்.

ரெமி ஓடி வந்தபோது உடம்பெல்லாம் மக்காச்சோளத் தூசி, கையில் டீசல். கதவருகிலேயே நின்றுவிட்டான். உள்ளே அந்தப் பெண்குரல் வானிலை அறிக்கை போலப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது. ஜெஃப். ஃபீன். லோடே. ஸ்டாஃப். ஸ்டாஃப் ஷெல்ட் ஆற்றில் மூழ்கிச் செத்தவன். ஜெஃப் கிழடாகிச் செத்தவன். லோடே நெஞ்சு வலியில்.

"ஏன் ஓடி," என்றான் ரெமி. "செத்தவங்களையா கூப்பிடறே? உனக்கு அவ்வளவு மோசமா?"

ஓடிலா பலகையை விடவில்லை. சுண்டுவிரல் பழைய துறைக்குப் போயிற்று, யாரும் அதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

"ரோஸ்" என்றது பெட்டி. "அல்மா." முழுசாக, கடிபடாமல். "ஓடிலா."

அதற்குப் பிறகுதான் அவள் ரெமிக்காகத் தட்டினாள்: "பையை எடுத்துட்டு வந்தியா?"