செத்தவள் பெயரில் வாங்கிய அரிசி

என் மூத்த மகள் இரண்டு வயதில் வயிற்றோட்டம் கண்டு ஒரே நாளில் போய்விட்டாள். அவளுடைய அரிசிக் கூப்பன் புத்தகத்தை நான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் திருப்பிக் கொடுக்கவில்லை. எதற்குக் கொடுப்பது? அவள்தான் திரும்பி வரப்போகிறாளே! போன பிள்ளை அதே வயிற்றில் மறுபடி வந்து பிறக்கும், அதே பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. மறு வருஷமே பெண் பிறந்தாள், காதுக்குப் பின்னால் அதே மச்சத்தோடு. அதே பெயரை வைத்தேன், அதே புத்தகத்தில் அரிசி வாங்கினேன். இடையில் இருந்த மாதங்களிலும் வாங்கினேன்தான். வயிற்றில் இருந்தவளும் அவள்தானே!

பரிசோதனைக்கு வந்த அதிகாரி இறப்புப் பதிவைப் பார்த்துப் பிடித்துவிட்டார். அட்டன் கோர்ட்டில் நீதவான், செத்த பிள்ளையின் அரிசியை வாங்கினாயா என்று மொழிபெயர்ப்பவர் மூலம் கேட்டார்.

"எம்புள்ள சாகலைங்க ஐயா. இந்தா, இடுப்புல இருக்கு."

கோர்ட்டே சிரித்தது. பாவிகள்! நீதவானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. திமிர் என்று நினைத்தாரோ என்னவோ, மூன்று மாதம் ஜெயில் என்று எழுதிவிட்டார்.

அப்பீல் போட்டுப் பிணையில் வெளியே வந்தேன். வந்தும் என்ன? சோறு இறங்கவில்லை. கொழுந்து பறிக்கிற மலையில் கை ஓடவில்லை. மூன்று மாதம் பாலில்லாமல் கிடந்தால் இந்தப் பிள்ளை பிழைக்குமா? ஒரு தடவை பறிகொடுத்தது போதாதா, கடவுளே? இவளையும் கூட்டிக்கொண்டு ஆற்றில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

எங்கள் வக்கீல் யாழ்ப்பாணத்து மனுஷர். நல்லவர்தான்.

"இஞ்ச பார் பிள்ளை, மூத்தது செத்துப்போச்சு, இது வேற பிள்ளை, துக்கத்தில புத்தி தடுமாறி அரிசி வாங்கிப்போட்டன் எண்டு எழுதித் தா. அப்பதான் மேல் கோர்ட்டில கதைக்கலாம். இல்லாட்டி ஜெயில்தான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்தவ வாயால சொல்ற வார்த்தையாங்க இது?" என்று எழுந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர், என்றைக்கும் என்னிடம் கெஞ்சாதவர், வக்கீலின் அறையிலேயே என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "போட்டுத் தொலை புள்ள. கோர்ட்டுக்குச் சொல்ற பொய்தானே."

பொய்தானே என்றுதான் கையெழுத்துப் போட்டேன்.

பல மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து தீர்ப்பு வந்தது. ஜெயில் இல்லை, அபராதம் கட்டினால் போதும் என்றார் வக்கீல். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துயரத்தைப் பெரிய நீதவான்கள் ஏற்றுக்கொண்டார்களாம். வீட்டுக்காரர் வக்கீல் காலில் விழாத குறை.

வீட்டுக்குத் திரும்ப நோர்வூட் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை பீறிட்டது. மடியில் இருந்தவள் மிரண்டு போய் என் முகத்தைப் பார்த்தாள். நான் நெஞ்சில் அடித்துக்கொண்டேன்.

"அதான் தப்பிச்சிட்டோமே, என்னத்துக்குப் புள்ள அழுவுற?" என்றார் வீட்டுக்காரர்.

"எம் மூத்தவ செத்துப் போயிட்டாங்க" என்றேன்.