நீளக் கைக்கு நான் வாங்கிக்கொடுத்த அனுமதி

நலப் பொறுப்பாளர் என்ற பதவி எனக்குக் கிடைத்ததற்கு ஒரே காரணம், ஆளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் நான் தூங்கிப்போனதுதான். மறுப்புச் சொல்லாதவன் நான் ஒருவன்தான். விழித்தபோது எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். சிரிக்கும் சூரியன் படம் போட்ட மஞ்சள் பட்டி ஒன்றைச் சட்டையில் குத்திவிட்டார்கள்.

லண்டன் மருத்துவமனை ஒன்றில் மயக்கமருந்துத் தாதியாக நான் வேலை பார்த்த கடைசி வருடங்கள் அவை. மயக்க மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் ஆயத்தம் செய்வோம். நோயாளி கண் மூடும்வரை கையைப் பிடித்திருப்போம். கண் திறக்கும்போது அவருக்கு எங்கள் முகம் ஞாபகம் இருக்காது. களைப்பு எலும்புவரை இறங்கும் வேலை. எந்த வலியையும் மறக்கடிக்கும் மருந்து எட்டும் தூரத்திலேயே இருக்கும். எங்களில் சிலர் அந்த மருந்துக்குள் விழுந்துவிடுவதுண்டு. அப்படி விழாமல் காப்பதுதான் என் புதுப் பதவி.

நல அறைக்கு இடம் கிடைக்கவில்லை. மூச்சுக் கொடுத்துப் பழகும் பொம்மைகள் வைத்திருந்த களஞ்சிய அறையைத் தந்தார்கள். பொம்மைகளுக்கு வேறு இடம் இல்லாததால் அவையும் எங்களோடு இருந்தன. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத, வாய் பிளந்த உருவங்கள். அவற்றின் நடுவில் படுத்துக்கொண்டு, “உங்கள் கால்கள் கனமாகின்றன” என்று சொல்லும் ஒலிப்பதிவைக் கேட்போம். துணி போட்டு மூடிப் பார்த்தேன். பிணவறை போலிருந்தது. எடுத்துவிட்டேன்.

எங்கள் பிரிவில் இன்னொரு தமிழ்த் தாதி இருந்தார். ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வந்து லண்டனின் கோலியர்ஸ் வுட்டில் குடியேறியவர். என்னைவிட இருபது வயது இளையவர். என்னை அண்ணை என்பார். ஊசியில் மிஞ்சும் வலி மருந்தை, யாரும் திருடாதபடி, இன்னொருவர் பார்க்கத் தொட்டியில் ஊற்றிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அவர், “அண்ணை, ஊத்துறன்” என்பார். “ஓம் தம்பி, ஊத்துங்கோ” என்று நான் கூரையைப் பார்ப்பேன். அண்ணை என்று கூப்பிடுகிறவனின் கையை உற்றுப் பார்ப்பது அவனைக் கள்ளன் என்று சொல்வதுபோல எனக்குப் பட்டது. அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

அவர் ஒருநாள் நல அறைக்கு வந்தார்.

“அண்ணை, ஒருக்காத் தனியக் கதைக்க ஏலுமே?”

“ஓம், இருங்கோ. முதல்ல ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கோ.”

“பழம் வேண்டாம் அண்ணை. எனக்கு நித்திரை வருகுதில்லை.”

“அதுக்குத்தான் பழம். பொட்டாசியம்.”

அவர் என்னையும் பொம்மைகளையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுகளோட கதைச்சிருக்கலாம். வாயாவது திறந்திருக்குது” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பழத்தை உரித்து நானே சாப்பிட்டேன்.

அந்தக் கோடையில் அவர் நீளக் கை ஜாக்கெட்டோடு வேலை செய்தார். கிருமி ஒட்டும், முழங்கைக்குக் கீழே துணி இருக்கக்கூடாது என்று மேற்பார்வையாளர் சண்டைக்கு வந்தார். குளிர்கிறது என்றார் இவர். நான் மஞ்சள் பட்டியோடு போய், ஊழியர் நலனை முன்னிட்டு என்று வாதாடி அவருக்குச் சிறப்பு அனுமதி வாங்கிக்கொடுத்தேன். அடிமையாவோரின் அறிகுறிகள் பற்றி வகுப்பெடுத்தவனும் நானேதான். கையை மறைப்பார்கள், மேலதிக ஷிப்ட் கேட்பார்கள், தனியாக ஒதுங்குவார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். அன்று வகுப்புக்கு வந்தவர்கள் உட்காரக் கதிரை அடுக்கித் தந்தவர் அந்தத் தம்பிதான்.

பிறகு நிர்வாகிகள் நல அறையைப் பார்வையிட வந்தார்கள். அந்தத் தம்பி பொம்மைகளுக்கு நடுவில், அவற்றைப் போலவே வாய் பிளந்து கிடந்தார். “எவ்வளவு ஆழமான தளர்வு!” என்று ஒரு நிர்வாகி கிசுகிசுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அமைதியான ஊழியர் விருதுக்கு அவரைப் பரிந்துரைத்தேன்.

விருது அவருக்கே கிடைத்தது. விழாவில் பரிசு, வாசனை மெழுகுவர்த்தி. ஒட்சிசன் வாயு இருக்கும் கட்டடத்தில் அதைக் கொளுத்த முடியாது. மேடைக்கு வந்த அவர் அதை வாங்கவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி, ஊசித் தழும்புகள் நிறைந்த கையை எல்லோருக்கும் நீட்டி, “நான் மருந்து எடுக்கிறேன். என்னை நிறுத்துங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்னிடம் மட்டும் தமிழில், “அண்ணை, இப்பவாவது பாருங்கோ.”

விழிப்புணர்வு நாடகம் என்று நினைத்துச் சபை கை தட்டியது. நான் நாடகம் என்று நினைக்கவில்லை. தழும்பைப் பார்த்த கணமே விளங்கிவிட்டது. ஆனாலும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது நிறுத்த எனக்குத் தெரியவில்லை. மயக்க மருத்துவர் ஒருவர், கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மேடைக்கு ஏறி அவரை அணைத்தபடி வெளியே கூட்டிப்போனார்.

விசாரணையில், மிச்ச மருந்தை அவர் ஊற்றியதைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றேன். பட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர் சிகிச்சைக்குப் போனார். மருந்தைத் தொடாத ஒரு பிரிவில் பிறகு வேலை கொடுத்தார்கள்.

பல மாதம் தயங்கி, அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“சுகமோ எண்டு கேளாதேங்கோ அண்ணை. சுகமில்லை. இண்டைக்கு மருந்து எடுக்கேல்லை, அவ்வளவுதான்.”

என்னிடம் ஆறுதல் வார்த்தைகள் ஆயத்தமாக இருந்தன. அவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. “நாளைக்கும் எடுக்கவேணும்” என்றேன். சொன்ன பிறகுதான் பயங்கரம் விளங்கி, “தொலைபேசி, தொலைபேசி எடுக்கவேணும்” என்று பதறினேன்.

அவர் அடக்கமாட்டாமல் சிரித்தார். மறுநாள் அவரே எனக்குத் தொலைபேசி எடுத்தார்.