ஒரே சாப்பாடு, இரண்டு உடம்பு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நான், என் மனைவிக்குச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். இருவருக்கும் எடை கூடியதால் சோற்றைக் குறைத்து, முட்டையும் காய்கறியுமாக ஒரே சாப்பாட்டை ஒரே அளவில் சாப்பிட்டோம். மூன்று மாதத்தில் எனக்கு எட்டு கிலோ குறைந்தது. அவளுக்கு அரைக் கிலோகூட இறங்கவில்லை.

"திருட்டுத்தனமா துன்றியா?" என்று கேட்டேன். அவள் இல்லையென்று தலையாட்டினாள். மறுநாள் என் பழைய போனைச் சமையலறை அலமாரியில் ஒளித்துவைத்து, வீடியோவை ஓடவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். எங்கள் மகளுக்கு மட்டும் வடித்த சோற்றுப் பானையைத் திறந்து, ஆவியில் முகத்தை வைத்தபடி அவள் வெகுநேரம் அசையாமல் நின்றிருந்தாள். ஒரு பருக்கைகூட எடுக்கவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பி, நேராகப் போனையே பார்த்தாள்.

"நான் ஒண்ணுமே துன்னலங்க. அப்போ எனக்குள்ள யாரு துன்னுகினு கீறாங்க?"

வீடியோவை அங்கேயே நிறுத்தினேன்.

அடுத்த நாள் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். "குடல்ல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கும்மா. ஆளுக்கு ஆள் அது வேற. ஒருத்தருக்குக் கேக்குற டயட் இன்னொருத்தருக்குக் கேக்காம போறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றார் அவர். அவளுக்குப் பயறும் கீரையும் அதிகமாகச் சேர்க்கச் சொன்னார். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக எடை இறங்குகிறது.

அந்த வீடியோவைப் பற்றி அவள் இன்றுவரை பேசியதில்லை. சாப்பிட உட்காரும்போது, இந்தப் பசி முழுக்க என்னுடையதுதானா என்று சில நாள் தோன்றும். என் வயிற்றுக்குள் நடப்பதே தெரியாத நான், அவள் வயிற்றுக்குக் காவல் வைத்தேன்.