மூன்றாவது முறை

ஃபரங்கீஸ் ஷீராஸில் வெளிநாட்டவருக்குப் பாரசீகம் கற்றுக்கொடுக்கத் தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. எழுவாய் முதலில், வினை கடைசியில் என்று அவள் சொல்வது, பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தும் எனக்கே மனப்பாடம். நடுவில் பலகைத் தடுப்புதான். ஆனாலும் வேலை நிரந்தரமில்லை. ஒவ்வொரு பருவம் முடியும்போதும் மறுபடி கூப்பிடுவார்களா என்று அவள் காத்திருக்க வேண்டும்.

போன வாரம் பிரிவுத் தலைவர் பதவி காலியானது. அது நிரந்தர வேலை. இயக்குநர் கெயானி எங்கள் எதிரிலேயே, பெண்களை மரியாதையாக அழைக்கும் 'கானும்' சேர்த்து, அவளைக் கேட்டார்.

"இந்தப் பொறுப்ப நீங்களே எடுத்துக்கங்களேன், ஃபரங்கீஸ் கானும்."

"எனக்கு அந்தத் தகுதி ஏதுங்க. எத்தனையோ பெரியவங்க இருக்காங்க."

"உங்கள விட்டா யாருங்க?"

"வேணாங்க, என்னைச் சங்கடப்படுத்தாதீங்க."

இரண்டு முறை மறுப்பது எங்கள் ஊர் மரியாதை. மூன்றாவது முறை கேட்டதும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு கோப்பைத் தேநீருக்கே அப்படித்தான். கெயானியும் இங்கே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் "சரி, உங்க இஷ்டம்" என்று எழுந்துவிட்டார். மறுநாள் அவருடைய மைத்துனி மகள் பரஸ்தூ தலைவராகி வந்து நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேணும்னு வாயத் தொறந்து சொன்னா என்னடி?" என்று ஃபரங்கீஸைத்தான் திட்டினேன்.

"இன்னொரு தடவ கேப்பார்னு இருந்தேன்டி. நெஞ்சு எரியுது."

அன்று அவள் வகுப்பில், முன்பு தன்னால் முடிந்ததைச் சொல்லும் பாடம். பாரசீகத்தில் 'முடிந்தது' என்பதிலும், செய்த வேலையைச் சொல்லும் வினையிலும், இரண்டிலும் 'நான்' என்பதன் விகுதி ஒட்ட வேண்டும். எல்லோரும் ஒன்றில் விட்டுவிடுவார்கள். ஒரு கொரியாக்காரன் மட்டும் சரியாகச் சொன்னான்: "சின்ன வயசுல என்னால மரம் ஏற முடிஞ்சுது. நீங்க ஒண்ணு சொல்லுங்க டீச்சர்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபரங்கீஸ் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னாள்.

மாலையில் கெயானி பரஸ்தூவோடு ஆசிரியர் அறைக்கு வந்தார்.

"இவளுக்குப் பாடத்திட்டம் எழுதத் தெரியாது. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, கானும்."

"என்னால முடியாதுங்க."

"உங்களவிட யாருங்க நல்லா எழுதுவா?"

"முடியாதுங்க."

"உங்கள நம்பித்தான் இருக்கோம்."

"நெசமாவே முடியாதுங்க."

கெயானி சிரித்தார். "எவ்வளவு அடக்கம், பாத்தியா?" என்று பரஸ்தூவிடம் சொல்லிவிட்டு, காகிதக் கட்டை ஃபரங்கீஸின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.