ஜோடி சேராத இரண்டு பேட்டரிகள்

எல்லை தாண்டி கிளந்தான் பக்கம் பழைய டீசல் ஃபோர்-வீல் வண்டியில் போகலாமா என்று கேட்டு எழுதியவர்களுக்கு: தாராளமாகப் போகலாம். ஆனால் பாதையைப் பற்றி யோசிக்கும் முன் பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். இரண்டு பேட்டரி வண்டி என்றால் இரண்டையும் பாருங்கள். நான் ஒன்றை மட்டும் பார்த்தேன்.

சென்ற டிசம்பரில் குவா மூசாங் தாண்டி ஒரு செம்பனை (பாமாயில்) தோட்டச் சாலையில் சாப்பிட வண்டியை நிறுத்தினோம். மறுபடி சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என் கணவர் சேகருக்குச் சர்க்கரை நோய். கையிருப்பு இன்சுலின் எல்லாம் பின்சீட்டில், கார் ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. வண்டியோடு ஃபிரிட்ஜும் நின்றுபோனது. தோட்டத்து லாரி ஒன்று வந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிவிடும்வரை அவர் மருந்துப் பெட்டியை ஈரத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“என் ஃபிரிட்ஜுதான் பேட்டரிய தின்னுடுச்சு” என்றார். வீடு வந்ததும் அதைத் துடைத்து ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டார். “இனிமே நீ ஃப்ரெண்ட்ஸோட போ கலா. என்னால எல்லாருக்கும் தொல்லை.”

எனக்கு அது சரியாகப் படவில்லை. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் மெக்கானிக் முருகனிடம் இரண்டு பேட்டரியும் புதிதாகப் போட்டிருந்தோம். புதுப் பேட்டரி ஒரு சின்ன ஃபிரிட்ஜுக்கா படுத்துவிடும்? பழைய சரக்கை நம் தலையில் கட்டிவிட்டார் என்றே நினைத்தேன். சார்ஜர் போட்டுப் போட்டு ஊருக்குள் ஓட்டினேனே தவிர, அவரிடம் போகவில்லை. ஜூன் விடுமுறை நெருங்கியதும் வேறு இடத்தில் புதுப் பேட்டரி வாங்குவது என்று முடிவு செய்தேன். பாரம் தூக்க மட்டும் கடைக்கு வருவதாகச் சொல்லி சேகரும் ஏறிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை தோ பாயோவில் எங்கள் வீட்டிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. பார்க்கிங் தேடியதில்தான் நேரம் போனது. சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் ஒரு பேட்டரிக் கடை. கடைக்காரர் டெஸ்டரை மாட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, வலது பக்கம் ஓகே. இடது பக்கம் செத்துப் போச்சு.”

“ரெண்டும் ஒரே நாள்ல போட்டதுங்க.”

“யாரு சொன்னா? குனிஞ்சு பாருங்க. கம்பெனி வேற, இது ரொம்ப பழசு லா. ரெண்டும் ஒண்ணா கோத்திருக்கறதால, கெட்டது நல்லதையும் சேர்த்து குடிச்சிடும்.”

இடது பக்கப் பேட்டரி காற்றுக் குழாய்க்கு அடியில் ஒளிந்திருக்கும். அத்தனை மாதத்தில் நான் ஒருமுறைகூட அங்கே குனிந்து பார்த்ததில்லை. அவர் சொன்னது உண்மைதான்.

உடனே ஒரு ஜோடியை எடுத்து வைத்து, ஒன்று 210 வெள்ளி என்றார். விலை குறைவாகத்தான் இருந்தது. தயாரான தேதி முத்திரையைத் தேடினேன். ஒன்றில் தெளிவாக இருந்தது. மற்றதில் அந்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

“இதுல தேதி எங்க?”

“வர்ற வழியில உரசிருக்கும்கா.”

மற்ற எழுத்தெல்லாம் உரசாமல் அது மட்டும் எப்படி உரசும்? வேண்டாம் என்று சொல்லிக் கிளம்பினேன். இவரையும் நம்ப முடியவில்லை, முருகனையும் நம்ப முடியவில்லை.

புக்கிட் மேராவில் முருகனின் பட்டறைக்கு நேரே வண்டியை விட்டேன். இறங்கியதும் கேட்டுவிட்டேன்: “ரெண்டுக்கு காசு வாங்கிட்டு ஒண்ணுதானே போட்டீங்க?”

அவர் முகம் சுண்டிப்போனது. டார்ச்சை எடுத்து வலது பேட்டரியின் பக்கவாட்டில் அடித்தார். மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. “நான் போடுற எல்லாத்துக்கும் இந்தக் கோடு உண்டு. நாளைக்கு கம்ப்ளெயின்ட் வந்தா என்னோடதான்னு தெரியணும்ல?” இடது பேட்டரியில் கோடு இல்லை. “இது நான் போட்டது இல்ல. நடுவுல வண்டிய யார்கிட்டயாவது விட்டீங்களா?”

விட்டிருந்தோம். நவம்பரில் சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கிராஞ்சியில் ஞானத்தின் செடிப்பண்ணையில் வண்டி இரண்டு வாரம் நின்றது. சாவியும் அவரிடம்தான் இருந்தது. ஞானம் சேகருடைய பள்ளித் தோழர்.

“அவனைப் போய் சந்தேகப்படாத” என்றார் சேகர். அதன்பின் கிராஞ்சி வரை, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு, ரேடியோகூடப் போடவில்லை. முருகனே ஒன்றில் மட்டும் கோடு போட்டிருக்கலாமே என்றும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பண்ணை வாசலில் லாரி நின்றது. யாரையும் கூப்பிடாமல் அதன் பக்கவாட்டில் இருந்த பேட்டரி மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த இரண்டில் ஒன்றில் மஞ்சள் கோடு.

“கலா, அங்க என்ன பண்றீங்க?” என்று ஞானம் வெளியே வந்தார்.

“எங்க பேட்டரி உங்க லாரிக்குப் பொருத்தமா இருக்கானு பாக்கறேன்.”

கையிலிருந்த ஹோஸ் பைப்பைக் கீழே போட்டார். நடந்ததைச் சொன்னார். நவம்பரில் ஒரு மழை நாளில் அவருடைய தொழிலாளி ஆறுமுகத்தின் கை மெஷினில் மாட்டிக்கொண்டது. லாரி கிளம்பவில்லை. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கப் பயந்து, எங்கள் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் செடி லோடு போக வேண்டும் என்று ஒரு பேட்டரியைக் கழற்றி லாரியில் போட்டு, லாரியின் பழையதை எங்கள் வண்டியில் வைத்துவிட்டார்.

இதையும் நான் அப்படியே நம்பவில்லை. ஆறுமுகம் தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நான் பார்ப்பதைக் கவனித்து, “ஆமாக்கா, உங்க வண்டியிலதான் போனோம். சீட்டெல்லாம் ரத்தம். ஐயாதான் கழுவினாரு” என்றார்.

சேகர் மெல்லக் கேட்டார்: “பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தியே. நாங்க ரோட்ல நின்ன கதைய சொன்னப்ப, ‘ஆமா லா, ஃபிரிட்ஜ் ரொம்ப கரண்ட் இழுக்கும்’னு சொன்னியேடா.”

ஞானத்தால் நிமிர முடியவில்லை. “சொல்லணும்னுதான் வந்தேன். மருந்த மடியில வச்சுட்டு இருந்தேன்னு நீ சொன்னதும் வாயே வரல.”

“அரை வருஷமா என்னாலதான்னு நினைச்சிட்டு இருந்தேன்டா.”

பேட்டரியைக் கழற்றித் தருவதாக ஞானம் ஓடினார். சேகர் தடுத்தார். “வச்சுக்க. லாரி ஓடணும்.”

திரும்பி முருகனிடம் வந்து மன்னிப்புக் கேட்டேன். பெரிதாகச் சமாதானமாகவில்லை அவர். ஒன்று 265 வெள்ளிக்கு இரண்டு போட்டுத் தந்தார். விலை குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் வாங்கும்போது: இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, கூடியவரை ஒரே மாதம் தயாரானவையாக இருக்கட்டும். ஒன்று மட்டும் கெட்டாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். முனைகள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சில வண்டிகளில் இடதும் வலதும் எதிரெதிர். தேதி தெரியாததைத் தொடாதீர்கள். பொருத்தியதும் இரண்டையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை யாரிடமாவது விட்டால், திரும்ப வாங்கும்போது பானெட்டைத் திறந்து பாருங்கள். அவர்கள் தப்பாக நினைத்தால் நினைக்கட்டும்.

ஜூனில் சேகரும் வந்தார். ஃபிரிட்ஜை அவரே தூக்கி வந்து பின்சீட்டில் கட்டினார். குவா மூசாங்கில் முதல் நாள் காலை, பனி இறங்கியிருந்த நேரத்தில், வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. சேகர் ஃபோனை எடுத்து ஞானத்தைக் கூப்பிட்டார்.

“ஸ்டார்ட் ஆயிடுச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.